மருந்து கெட்டிக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கி

ஆயுத லைசென்சுப் பதிவேட்டில் துப்பாக்கியின் வகையை முழுதாக எழுதும் வழக்கம் கிடையாது. நான்கெழுத்துச் சுருக்கம்தான். எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல்., எஸ்.பி.எம்.எல்., டி.பி.எம்.எல். என்று வரிசையாக இருக்கும். முதல் எழுத்து குழல் ஒன்றா இரண்டா என்பதைச் சொல்லும். மூன்றாவது எழுத்துதான் முக்கியமானது. அது 'பி' என்றால் பின்பக்கம் மடக்கித் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி. 'எம்' என்றால் குழலின் வாய்வழியாக மருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கும் துப்பாக்கி. திருக்கோவிலூர் தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் லைசென்சு புதுப்பிக்க வருகிறவர்களில் பாதிப்பேரிடம் இந்த 'எம்' வகைதான் இருக்கும். அதிலும் இரட்டைக்குழல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வசதியான குடியானவர்கள், பழைய மணியக்காரர் குடும்பங்கள், பட்டாளத்திலிருந்து வந்தவர்கள்.

இன்று இந்தத் துப்பாக்கிகள் அநேகமாக மறைந்துவிட்டன. ஆனால் பரண்களிலும் பழைய மரப்பெட்டிகளிலும் சில இன்னும் இருக்கக்கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன். தோட்டாத் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் அப்படிப் பார்க்க வழியே இல்லை. அதன் பின்பக்கம் இரும்புத் திருகால் நிரந்தரமாக அடைக்கப்பட்டது. கெட்டித்த துப்பாக்கியும் காலித் துப்பாக்கியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதை வைத்திருந்தவர்கள் கற்றுக்கொண்ட ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு குறையைச் சமாளிக்கத்தான்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். துப்பாக்கி என்பது நம் சொல் அல்ல. துருக்கிய மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. மருந்தைப் பற்றவைக்க ஓங்கி அடிக்கிற சுத்தி போன்ற உறுப்பை நாம் 'குதிரை' என்கிறோம். ஆங்கிலேயர்கள் அதே உறுப்பைச் சேவல் என்றார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஷியேன்' என்பார்கள், அதாவது நாய். ஒரே இரும்புத் துண்டு ஓர் ஊரில் குதிரை, ஓர் ஊரில் சேவல், ஓர் ஊரில் நாய். மருந்து கெட்டிக்கும் கம்பிக்குப் பிரெஞ்சில் 'பகெத்' என்று பெயர். புதுச்சேரியில் காலையில் சைக்கிளில் வரும் நீள ரொட்டிக்கும் அதே பெயர்தான். நம் பக்கத்தில் அந்தக் கம்பியைக் கெசக்கோல் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலோர் வெறுமே கம்பி என்பார்கள்.

இந்த வகைத் துப்பாக்கி முந்நூறு நானூறு வருஷம் உலகத்தை ஆண்டது. ஆரம்பத்தில் எரியும் திரியால் பற்றவைத்தார்கள். பிறகு சிக்கிமுக்கிக் கல் வந்தது. மழை பெய்தால் இரண்டுமே உதவாது. 1807-இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தால் தானே வெடிக்கும் ரசாயனப் பொடியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வேட்டைப் பிரியர். கல் உரசும் பொறியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது அவருடைய குறை. அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் சின்னத் தொப்பி போன்ற செப்புக் 'கேப்பு'. நம் ஊரில் நாம் பார்த்த இரட்டைக்குழல்கள் எல்லாம் இந்தக் கேப்பு வகையே.

அந்தக் காலத்திலேயே லண்டனில் ஜோசப் மான்ட்டன் போன்ற கைதேர்ந்த கொல்லர்கள் இரட்டைக்குழலை அழகான வேட்டைத் துப்பாக்கியாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதன் காலம் நீளவில்லை. பாரிசில் காசிமிர் லெஃபோஷோ என்பவர் 1830-களில் பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கியைச் செய்தார். 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதைப் பார்த்த ஆங்கிலேயக் கொல்லர்கள் தாங்களும் அந்த வழிக்குத் திரும்பினார்கள். அடுத்த இருபது முப்பது வருஷத்தில் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் வாய்வழித் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டார்கள்.

நம் நாட்டில் மட்டும் அது ஏன் இன்னும் நூறு வருஷம் நீடித்தது? காரணம் சட்டம். 1857 சிப்பாய்க் கலகத்தில் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஏன் கடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை. அந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழி கெட்டிப்பதுதான். காகிதத் தோட்டாவின் நுனியைக் கடித்துக் கிழித்து, உள்ளிருக்கும் மருந்தைக் குழல் வாயில் கொட்ட வேண்டும். அதற்குத்தான் பல். கலகம் அடங்கியபின் ஆங்கிலேயருக்குப் பயம் போகவில்லை. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்சு இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றார்கள். குடகு நாட்டுக் கொடவர்களைப் போன்ற சிலருக்கு விலக்குத் தந்தார்கள். அந்த விலக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது. நம் ஜில்லாக்காரர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பிரிட்டிஷ் சட்டம் செல்லாத இடம் நமக்கு அருகில் ஒன்று உண்டு என்றால் அது பிரெஞ்சுப் புதுச்சேரி. ஆஷ் துரையைச் சுடுமுன் வாஞ்சிநாதன் அங்கே போய் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் புது ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 13-ஆம் பிரிவில் ஒரு சுவாரசியமான ஏற்பாடு இருக்கிறது. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்கிறவருக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்க வேண்டும். அது போதாது என்று அதிகாரி திருப்தியடைந்தால்தான் வேறு வகை. உலகம் கைவிட்டு நூறு வருஷம் ஆன ஒரு பொருளைச் சட்டம் குடியானவனின் துப்பாக்கி என்று தனியாகப் பெயர் சொல்லி வைத்தது. அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. இந்தத் துப்பாக்கியால் முப்பது நாற்பது கஜத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு குழலையும் சுட்டுவிட்டால் மறுபடி கெட்டிக்க இரண்டு நிமிடமாவது வேண்டும். பன்றியை விரட்டப் போதும். கலகம் செய்யப் போதாது.

நம் தாலுகாவில் அதற்குத் தேவையும் இருந்தது. தென்பெண்ணைக் கரைக் கரும்பு, மானாவாரி மணிலாக்கொட்டை, மேற்கே சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கம் போகப்போகக் காடு. கல்வராயன் மலையடிவாரத்தில் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பன்றிக்குத் தப்பி வீடு வந்தால்தான் நிச்சயம். அப்போது எல்லாம் தென்னார்க்காடு ஜில்லா. கலெக்டர் கடலூரில் இருந்தார். விழுப்புரம் ஜில்லா 1993-இல் வந்தது, கள்ளக்குறிச்சி ஜில்லா 2019-இல் வந்தது. துப்பாக்கி மனு கடலூருக்குப் போய், அங்கிருந்து விசாரணைக்கு எங்களுக்கும் போலீசுக்கும் வந்து, மறுபடி கடலூருக்குப் போகும். இடையில் இரண்டு அறுவடை முடிந்துவிடும்.

மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து பட்டாளத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்சு புதுப்பிக்க வருவார். அவருடைய இரட்டைக்குழல் அவர் பாட்டனார் காலத்தது. பதிவேட்டில் அதற்கு நேராக 'நம்பர் இல்லை' என்றே எழுதியிருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது குழலின் அடிப்பக்கம் ஒரு முட்டை வடிவத்துக்குள் மூன்று சின்ன எழுத்துகள் தெரிந்தன. கச்சேரியில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது: இ.எல்.ஜி. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் லியேழ் நகரத்தின் பரிசோதனை முத்திரை. அந்த ஊரில் செய்த துப்பாக்கிகள் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க விலை மலிவாகப் போயின. அளவுக்கு மிஞ்சிய மருந்தைப் போட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். "இத்தனை வருஷமா பூ முத்திரைன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார்" என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து சிநேகம். இனி நான் எழுதுவதில் பெரும்பகுதி அவரிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டது.

அவருடையது 12 போர். போர் என்றால் குழலின் உள்வாய் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு, அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். அதனால் எண் கூடக்கூடக் குழல் சின்னதாகும். 16 போர் 12 போரைவிடச் சிறியது.

கெட்டிக்கும் முறை இது. முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். காலித் துப்பாக்கியின் இரண்டு முலைகளிலும் (கேப்பு மாட்டும் சின்னக் குழாய்க்கு அவர் சொன்ன பெயர் அது) ஒவ்வொரு கேப்பு வைத்து, குழல் வாயைத் தரையில் ஒரு புல்லுக்கு நேரே பிடித்து அடிப்பார். புல் ஆடினால் வழி சுத்தம். ஆடாவிட்டால் உள்ளே அடைப்பு. அன்றைக்குக் கெட்டிக்கக் கூடாது.

பிறகு கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் வாய் முகத்துக்கு எதிரே வராதபடி அப்பால் சாய்த்துப் பிடிப்பார். மருந்தைக் கொம்பிலிருந்தோ குப்பியிலிருந்தோ நேரே குழலில் கொட்டவே மாட்டார். உள்ளே போன தடவையின் கங்கு ஒன்று ஒட்டியிருந்தால் கையிலிருக்கும் முழு மருந்தும் பற்றிக்கொள்ளும். ஆகவே தனி அளவுக் குப்பி. 12 போருக்கு ஒரு குழலுக்குச் சுமார் 5 கிராம் கரிமருந்து. அதன்மேல் தக்கை. சீமையில் அட்டையும் கம்பளித் துணியும் வட்டமாக வெட்டி விற்பார்கள். நம்மூரில் தேங்காய் நாரும் பழைய காகிதமும்தான். தக்கையைக் கம்பியால் மருந்தோடு ஒட்டும்வரை அழுத்த வேண்டும். நடுவில் காற்றிடம் இருக்கக் கூடாது. அதற்குமேல் அதே அளவுக் குப்பியில் ரவை, ஏறக்குறைய 28 கிராம். ரவை உருண்டு வெளியே வராமலிருக்க மேலே மெல்லிய தக்கை ஒன்று. கம்பியை வெளியே எடுத்து அதன் இடத்தில் செருகியபிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கேப்பு. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுக்கு மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. அங்கேயும் நெருப்பு கடைசியில்தான் வரும்.

மருந்து என்றால் கரிமருந்து மட்டும்தான். 1884-இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இன்றைய தோட்டாக்களில் இருப்பது அந்த வழியில் வந்தது. அதன் அழுத்தம் பல மடங்கு. புதுத் தோட்டாவைப் பிரித்து அந்த மருந்தைப் பழைய குழலில் போட்டால் குழல் வெடித்து, பிடித்திருக்கும் இடது கை போகும்.

ஒற்றைக்குழலுக்கு இதோடு கதை முடிந்தது. இரட்டைக்குழலுக்குத் தனி ஆபத்துகள் மூன்று உண்டு. அதில் விசைகள் இரண்டு. வழக்கமாக முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. ஒரு குழலைச் சுட்டபின் அதை மட்டும் மறுபடி கெட்டிக்கும்போது, பக்கத்துக் குழல் கெட்டித்த நிலையில், கேப்போடு, கம்பி பிடித்த கையிலிருந்து ஓர் அங்குல தூரத்தில் இருக்கிறது. கை போனவர்களில் பலர் இப்படிப் போனவர்கள். எனவே முதல் வேலை, சுடாத குழலின் கேப்பைக் கழற்றிப் பையில் போடுவது. இரண்டாவது, அவசரத்தில் எந்தக் குழலைச் சுட்டோம் என்று மறந்து, கெட்டித்த குழலிலேயே மறுபடி கெட்டிப்பது. இரட்டை மருந்து, இரட்டை ரவை. மூன்றாவது பலருக்குத் தெரியாது. ஒரு குழலையே திரும்பத்திரும்பச் சுட்டால் அந்த உதைப்பில் மற்றக் குழலின் ரவையும் தக்கையும் கொஞ்சம்கொஞ்சமாக வாய்ப்பக்கம் நகர்ந்துவிடும். மருந்துக்கும் ரவைக்கும் இடையே காற்றிடம் உண்டாகும். சுட்டால் அந்த இடத்தில் குழல் உப்பும், அல்லது கிழியும்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: கம்பி. பெரியவருடைய கம்பியில் இரண்டு கோடுகள் கத்தியால் கீறியிருந்தன. காலிக் குழலில் விட்டால் ஒரு கோடு குழல் வாயோடு சமமாக நிற்கும். சரியாகக் கெட்டித்த குழலில் விட்டால் மற்றக் கோடு சமமாக நிற்கும். இரண்டிலும் சேராமல் நின்றால் ஏதோ தப்பு. துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நேற்று அவரே சுத்தம்செய்து வைத்ததாக இருந்தாலும், இரண்டு குழலிலும் கம்பியை விட்டுப் பார்ப்பார். "கண்ணு சொல்றத நம்பக் கூடாது சார், கம்பி சொல்றதத்தான் நம்பணும்" என்பார்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் உடனே இறக்கக் கூடாது. கேப்பு வெடித்தும் மருந்து மெல்லக் கனன்றுகொண்டிருக்கலாம். பிரெஞ்சில் 'லோன் ஃபூ' என்று அதற்குப் பெயர். நீண்ட நெருப்பு என்று அர்த்தம். இன்றும் அங்கே ஒரு காரியம் இழுத்தடித்து ஒன்றுமில்லாமல் போனால் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பில் அந்தச் சொற்றொடரை நாங்கள் மனப்பாடம் செய்தோம். அதன் பொருள் எனக்கு விளங்கியது மணலூர்பேட்டைக்காரரிடம்தான். வெடிக்காத துப்பாக்கியை ஒரு நிமிடமாவது அதே திசையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

சுத்தம்செய்வது சுட்ட அன்றைக்கே நடக்க வேண்டும். மறுநாள் என்ற பேச்சே கிடையாது. கரிமருந்து முழுவதும் புகையாகிப் போவதில்லை. எடையில் பாதிக்குமேல் கசடாகக் குழலிலேயே தங்கிவிடும். அந்தக் கசடு உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரே இரவில் குழலுக்குள் செந்துரு படர்ந்துவிடும். அதற்கு எண்ணெய் பயன்படாது, தண்ணீர்தான் வேண்டும் என்பது புதிதாகக் கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். உப்பைக் கரைப்பது தண்ணீரல்லவா?

பெரியவர் குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றி, முலைகளைச் சாவியால் திருகி எடுத்து, அடிப்பாகத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் நிறுத்துவார். கம்பி நுனியில் சணல் சுற்றிக் குழலுக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்தால் முலைத் துளை வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும். முதல் தண்ணீர் மை போல வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வீட்டுக்காரம்மா கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை மூன்று நான்கு தடவை. கடைசித் தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே இரும்பு தானாக உலர்ந்துவிடும். பிறகு உலர்ந்த துணி, அதன்பின் மெல்லிய எண்ணெய். அவர் போடுவது தேங்காய் எண்ணெய். நல்லெண்ணெய் நாளானால் பிசுபிசுத்துக் குதிரையின் விசையைப் பிடித்துக்கொள்ளும் என்பார். பத்து நாள் கழித்து மறுபடி ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பார்ப்பார். சிவப்பாக வந்தால் மறுபடி முதலிலிருந்து. பழைய இரட்டைக்குழல்களில் பல, இரும்பும் எஃகும் நாடாவாக முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்தவை. வெளியே அழகான கோலம் தெரியும். உள்ளே அந்த ஒட்டுகளின் வழியே துரு புகுந்தால் வெளியே தெரியாமலே குழல் இளைத்துக்கொண்டிருக்கும்.

இனி ஒரு சம்பவம். ஊரும் பேரும் வேண்டாம். லைசென்சுதாரர் ஒருவர் இறந்துபோக, அவருடைய மகன் துப்பாக்கியை ஒப்படைப்பது எப்படி என்று கேட்க, பழைய வேட்டியில் சுற்றிக் கச்சேரிக்கே எடுத்துவந்துவிட்டார். டி.பி.எம்.எல். தகப்பனார் இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து இறந்தவர். "காலிதான் சார், பசங்க எடுத்து வெளையாடுவாங்க" என்றார் மகன். அன்றைக்கு நல்லவேளையாகப் பெரியவர் தம் வேலையாக வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அதை வாங்கி, குழல் வாயை வானத்துக்குத் திருப்பி, கம்பியை வலக்குழலில் விட்டார். முழுக்க இறங்கியது. இடக்குழலில் விட்டார். நாலு விரல்கடை மேலேயே நின்றுவிட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அதை வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார். முலையில் கேப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டபின் ஒரு செம்பு தண்ணீரைக் குழல் வாயிலும் முலை வழியாகவும் விட்டு ஊறவைத்தார். பிறகு போலீசுக்குச் சொல்லி, ஆயுதப்படை ஆர்மரர் வந்து, திருகுமுனை வைத்த கம்பியால் தக்கையை இழுத்தார். ரவை கொட்டியது, பின்னால் ஈரமான கறுப்பு மருந்து.

கரிமருந்து ஈரம் படாமலிருந்தால் வருஷக்கணக்கில் கெடாது என்பது அன்றைக்குத்தான் அந்த மகனுக்குத் தெரிந்தது. கேப்பு இல்லாததால் தப்பித்தார்கள். ஆனால் தீபாவளிக்குப் பிள்ளைகள் கையில் பொட்டு வெடி இருக்கும். விளையாட்டுத் துப்பாக்கியில் வைப்பதுபோல அதை அந்த முலையில் வைத்துக் குதிரையை விட்டிருந்தால்? அந்த மனிதர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. தகப்பனார் பன்றிக்காகக் கெட்டித்து வைத்தவர், படுக்கையில் விழுந்தார். கெட்டித்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயம், அவரோடு போய்விட்டது.

மலைமேல் நிலைமை வேறு. கல்வராயன் மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கையில் 1976 வரை இருந்தது. அதன்பிறகே அரசாங்கம் நேரடியாக ஏற்றுக்கொண்டது. கீழே தாலுகாவில் பதிவேடும் புதுப்பித்தலும் இருந்த காலத்தில் மலையில் லைசென்சு என்ற பேச்சு மெதுவாகத்தான் ஏறியது. காட்டை நம்பிய மலையாளி மக்களிடம் நாட்டுத் துப்பாக்கி அரிவாளைப் போல ஒரு வீட்டுச் சாமான். ஆனால் உள்ளூரில் தட்டிச் செய்த குழலுக்கு லியேழ் முத்திரை கிடையாது. எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதித்ததில்லை. லைசென்சு இல்லாமல் வைத்திருந்தால் சிறை. கள்ளத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீசார் மலைக்கிராமங்களில் அவ்வப்போது தண்டோரா போடுவதும், சிலர் இரவோடிரவாகப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போவதும் இதனால்தான். அப்படிக் கிடக்கும் துப்பாக்கியிலும் மருந்து இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது கம்பியால்தான்.

சமதரையிலும் அதன் காலம் முடிந்துகொண்டே வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமே இல்லை. பயிர்க் காவலுக்கு என்று லைசென்சு இருக்கும். ஆனால் பன்றியைச் சுட்டால் வழக்கு. வெறும் மருந்து கெட்டிச் சத்தம் காட்டி விரட்டலாம். அதற்குப் பட்டாசு மலிவு. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வாரக்கணக்கில் அங்கே கிடந்து எண்ணெய் காணாமல் திரும்பும். 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. லைசென்சுக் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. ஆனால் வாய்வழித் துப்பாக்கிக்காரர்களைப் பொறுத்தவரை அதற்கு முன்பே பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிருந்தார்கள். பெரியவரும் கடைசியில் தம் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். ஒப்படைக்கும்போது இரண்டு குழலிலும் கம்பியை விட்டு, வாங்கிக்கொண்ட ஏட்டையாவிடம் கோட்டைக் காட்டிவிட்டே கையெழுத்துப் போட்டார்.

இதைப் படிக்கும் நம் வயதுக்காரர்களில் யார் வீட்டிலாவது பாட்டனார் துப்பாக்கி பரணில் கிடந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். குதிரையைத் தொட வேண்டாம், பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம், வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்து உலர்த்த வேண்டாம், நீங்களே சுத்தம்செய்யவும் வேண்டாம். லைசென்சுதாரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே சட்டத்துக்கு விரோதமாகிவிடும். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் வேண்டுமென்றால் பிறகு மனுப் போடலாம். தகவல் சொல்லும்போதே, இது வாய்வழி கெட்டிக்கும் வகை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்றைக்குப் பணியில் இருக்கும் இளம் காவலர்கள் பலர் தோட்டாத் துப்பாக்கி மட்டுமே பார்த்தவர்கள்.